மூன்று தலைமுறைக் குடும்பத்தோடு குரூஸ்: கரையில் இறங்கும் நாட்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடும்பமாகக் குரூஸ் போகிறவர்களுக்குக் கப்பலுக்குள் என்ன செய்வது என்பதில் பெரிய குழப்பம் வருவதில்லை. சாப்பாடு, தூக்கம், பொழுதுபோக்கு எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. கப்பல் கரையைத் தொடும் நாளில்தான் சந்தேகங்கள் கிளம்புகின்றன. முட்டிவலியோடு பாட்டி, எல்லாவற்றையும் பார்த்துவிட நினைக்கும் தாத்தா, பத்து மணிக்கு முன்னால் எழாத பதின்வயதுப் பையன், இடுப்பில் ஒரு கைக்குழந்தை என்று அத்தனை பேரையும் வைத்துக்கொண்டு ஒரே பகலில் ஓர் ஊரைப் பார்த்துத் திரும்ப வேண்டும். உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை போகப்போக.

கப்பல் ஒரு ஊரில் நின்றால் எல்லோரும் இறங்கியே ஆகணுமா?

வேண்டாம். விருப்பமில்லாதவர்கள் கப்பலிலேயே இருக்கலாம். உணவகம், மருத்துவ அறை, நீச்சல் குளம் எல்லாம் இயங்கும்; கடைகளும் கேசினோவும் மட்டும் துறைமுகத்தில் நிற்கும்போது பெரும்பாலும் மூடியிருக்கும். சில நாடுகளில் குடியேற்ற அதிகாரிகள் பயணிகள் அத்தனை பேரையும் நேரில் பார்த்த பிறகே அனுமதி தருவார்கள். அப்போது இறங்காதவர்களும் பாஸ்போர்ட்டோடு ஒருமுறை வரிசையில் நின்று வர வேண்டியிருக்கும். முந்தைய நாள் இரவே கப்பலின் செயலியிலோ அறைக்கு வரும் நிகழ்ச்சித் தாளிலோ இதைச் சொல்லிவிடுவார்கள்.

கூட்டம் இறங்கிப் போன பிறகு கப்பல் அமைதியாகிவிடும். லிஃப்டுக்குக் காத்திருக்க வேண்டாம், குளத்தருகே நாற்காலி தேட வேண்டாம். தொடர்ந்து மூன்று நான்கு நாள் துறைமுகம் வருகிற பயணத்தில், வயதானவர்களுக்கு அதில் ஒரு நாளை இப்படி ஓய்வுக்கு ஒதுக்கிவிடுங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன். கிளம்பும் முன்பே இதை முடிவு செய்துவிட்டால், "நம்மால் எல்லோருக்கும் இடைஞ்சல்" என்ற எண்ணம் அவர்களுக்கு வராது.

காலை 8 மணிக்கு வந்து மாலை 5 மணிக்குக் கிளம்பும் என்று போட்டிருக்கிறது. அப்போ 9 மணி நேரம் கிடைக்கும்தானே?

கிடைக்காது. 8 மணி என்பது கப்பல் துறையை அடையும் நேரம். கயிறு கட்டி, அதிகாரிகள் அனுமதி கொடுத்து, படிப்பாலம் திறக்கவே அரை மணி நேரம் ஆகலாம். ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் இறங்குவதால் லிஃப்ட் நிரம்பி வழியும். ஸ்ட்ரோலரும் கைத்தடியுமாக ஒரு குடும்பம் கரையில் கால் வைக்கும்போது மணி 9 ஆகியிருக்கும். திரும்பும்போது, எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய கடைசி நேரம் பெரும்பாலும் கிளம்புவதற்கு அரை மணி முன்பு, அதாவது 4.30. சில துறைமுகங்களில் ஒரு மணி முன்பு. அதற்கும் ஒரு மணி நேரம் முன்னதாக, 3.30-க்குத் துறைமுக வாசலில் இருப்பதுதான் பெரிய குடும்பத்துக்குப் பாதுகாப்பு.

ஆக மீதி ஆறரை மணி நேரம். பார்க்க வேண்டிய ஊர் ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருந்தால் போக வர மூன்று மணி போய்விடும். மிச்சமிருக்கும் மூன்றரை மணியில் சாப்பாட்டுக்கு ஒரு மணி, கழிப்பறைக்கும் ஆட்களை ஒன்றுசேர்ப்பதற்கும் அரை மணி. ஊர் பார்க்கக் கிடைப்பது இரண்டு மணி நேரம். எந்தத் துறைமுகத்துக்கும் முதலில் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள். பாதிச் சண்டைகள் அதிலேயே தீர்ந்துவிடும்.

கப்பல் நேரம், ஊர் நேரம் என்று இரண்டு இருக்கிறதாமே?

ஆமாம். ஊரின் நேரத்துக்கேற்பக் கப்பலின் கடிகாரத்தை மாற்றுவதா வேண்டாமா என்பது கப்பலின் முடிவு. மாற்றாவிட்டால் இரண்டுக்கும் ஒரு மணி நேரம் வித்தியாசம் வரும். கைப்பேசியோ கரையில் இறங்கியதும் தானாகவே உள்ளூர் நேரத்துக்கு மாறிக்கொள்ளும். திரும்ப வேண்டிய நேரம் எப்போதும் கப்பல் நேரப்படிதான். ஆகவே ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் வைத்து, பொறுப்பான ஒருவர் கையில் கட்டிவிடுங்கள். தாத்தாவிடம் இந்த வேலையைக் கொடுத்தால் மிகச் சரியாகச் செய்வார்.

டாக் என்று சில ஊர், டெண்டர் என்று சில ஊர் போட்டிருக்கிறார்கள். என்ன வித்தியாசம்?

டாக் என்றால் கப்பல் துறைமேடையை ஒட்டி நிற்கும். படிப்பாலம் வழியாக நடந்து இறங்கலாம். கடல்மட்டம் ஏறி இறங்குவதைப் பொறுத்து அந்தப் பாலம் சில சமயம் செங்குத்தாக இருக்கும், அவ்வளவுதான். டெண்டர் என்றால் கப்பல் கடலில் சற்றுத் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சிறு படகில் கரைக்குப் போக வேண்டும். பல கப்பல்களில் உயிர்காப்புப் படகுகளே இதற்குப் பயன்படுகின்றன. கிராண்ட் கேமன், சாண்டோரினி ஆகியவை பெயர் பெற்ற டெண்டர் துறைமுகங்கள்.

மூன்று தலைமுறைக் குடும்பத்துக்கு இந்த ஒரு சொல்தான் முக்கியம். கப்பல் அசையாமல் நிற்பதுபோல் தெரியும். பக்கத்தில் படகு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி விரிந்து சுருங்கும். இரண்டு பணியாளர்கள் ஆளுக்கொரு முழங்கையைப் பிடித்துக்கொள்வார்கள். படகு மேலே வரும் நொடியில் "இப்போது" என்பார்கள், அப்போது காலை எடுத்து வைக்க வேண்டும். தயங்கி நடுவில் நிற்பதுதான் ஆபத்து. கையில் பை, கைத்தடி எதுவும் இருக்கக் கூடாது. வேறு யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். குழந்தையைப் பணியாளரே வாங்கிக் கொடுப்பார். தானாக எழுந்து நான்கு படி ஏறி இறங்க முடியாதவர்களை, அலை அதிகமாக இருந்தால் அழைத்துப்போக மறுக்கும் உரிமை கப்பலுக்கு உண்டு. மின்கலத்தில் ஓடும் கனமான வண்டிகளைப் பெரும்பாலும் படகில் ஏற்றுவதில்லை.

சாண்டோரினியில் படகு கொண்டுவிட்ட பிறகும் வேலை இருக்கிறது. பழைய துறையிலிருந்து மேலே ஃபிரா ஊருக்குப் போக 600-க்குச் சற்றுக் குறைவான படிகள், அல்லது கேபிள் கார், அல்லது கழுதை. கேபிள் கார்தான் ஒரே நல்ல வழி. ஆனால் பல கப்பல்கள் வந்து நிற்கும் நாளில் அதன் வரிசை மிக நீளும். குறிப்பாகக் கீழே இறங்கும் வரிசையில் வெயிலில் நிற்க நேரிடும். அதற்கு ஒரு மணி நேரமாவது தனியாக ஒதுக்குங்கள்.

ரோம் என்று போட்டிருக்கிறது, ஆனால் கப்பல் வேற ஊரில்தான் நிற்குமாமே?

உண்மை. ரோம் கடற்கரை ஊர் அல்ல. கப்பல் நிற்பது சிவிடவெக்கியாவில். அங்கிருந்து ரோம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். ஃபிளாரன்ஸ் என்று போட்டிருந்தால் லிவோர்னோ, சுமார் 90 கிலோமீட்டர். பாரிஸ் என்றால் லே ஆவ்ர், சுமார் 200 கிலோமீட்டர். பாங்காக் என்றால் லேம் சபாங், சாலையில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது.

கைக்குழந்தையும் எழுபது தாண்டியவர்களும் இருக்கும்போது, புகழ்பெற்ற தொலைதூர நகரத்தை விட்டுவிட்டுத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருப்பதைப் பார்ப்பது பல நேரம் நல்ல முடிவு. லிவோர்னோவில் இறங்கினால் பைசா சுமார் 25 கிலோமீட்டர்தான். சாய்ந்த கோபுரத்தைச் சுற்றியுள்ள புல்வெளித் திடலை எல்லோரும் நிதானமாகப் பார்க்கலாம். கோபுரத்தில் ஏற 250-க்கும் மேற்பட்ட படிகள் உண்டு. 8 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. பேரக்குழந்தையிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வாசலில் அழுகை வராது.

கப்பல்காரர்கள் நடத்தும் டூரில் போவதா, நாமே வண்டி பேசிக்கொள்வதா?

கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் போனால் வழியில் தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும், அல்லது அவர்கள் பொறுப்பில் அடுத்த துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். டெண்டர் படகில் முன்னுரிமை உண்டு. குறை என்னவென்றால் வேகம் அவர்களுடையது. ஒரு பேருந்து நிறைய ஆட்கள், வழிகாட்டி கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பார். பாட்டிக்குக் களைப்பு என்றால் நடுவில் திரும்ப வழியில்லை.

எட்டுப் பத்துப் பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு வேனை நாள் வாடகைக்குப் பேசினால், தலைக்கு ஆகும் செலவு பல இடங்களில் கப்பல் சுற்றுலாவைவிடக் குறைவாகவே வரும். வேண்டிய இடத்தில் நிறுத்தலாம், வேண்டாத இடத்தை விடலாம். என் கணக்கு இதுதான்: ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் என்றால் கப்பல் சுற்றுலா, அதற்குள் என்றால் சொந்த வண்டி. வண்டி பேசும்போது கப்பலின் பெயரையும் திரும்ப வேண்டிய நேரத்தையும் எழுத்தில் கொடுங்கள். எந்த வாசலில் ஏற்றுவார், குழந்தை இருக்கை உண்டா, ஏறும் படி எவ்வளவு உயரம், கப்பல் வராவிட்டால் பணம் திரும்ப வருமா என்று கேளுங்கள். பல துறைமுகங்களில் வெளி வண்டிகள் உள்ளே வர முடியாது. வாசல்வரை ஷட்டில் பேருந்தில்தான் போக வேண்டும்.

டூர் விவரத்தில் "மிதமான நடை" என்று இருக்கிறது. அம்மாவால் முடியுமா?

அந்தச் சொல்லை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு கிலோமீட்டர் சமதரையும் மிதம்தான், கருங்கல் பாவிய ஏற்றமும் மிதம்தான். கப்பலில் சுற்றுலா மேசை இருக்கும். அங்கே போய் நேராகக் கேளுங்கள்: மொத்தம் எத்தனை படிகள், உட்காராமல் தொடர்ந்து எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், நிழல் உண்டா, முதல் கழிப்பறை எங்கே வரும். முட்டிவலி உள்ளவர்களுக்கு நடையைவிட நிற்பதுதான் அதிகம் வலிக்கும். வழிகாட்டி ஒரு சிலைக்கு முன்னால் கால் மணி நேரம் பேசும்போது உட்கார இடமில்லாமல் தவிப்பார்கள்.

உதாரணத்துக்கு டுப்ரோவ்னிக். பழைய நகரத்தின் பிரதான வீதியான ஸ்ட்ராடுன் சமதரை. பாட்டியோடு மெல்ல நடந்து, ஓரிடத்தில் அமர்ந்து, ஊரை ரசிக்கலாம். அதே ஊரின் கோட்டைச் சுவர்மேல் நடப்பது ஏறத்தாழ 2 கிலோமீட்டர். நிறையப் படிகள், நிழல் குறைவு, ஒருவழிப் பாதை. இளையவர்கள் சுவர்மேலும் பெரியவர்கள் வீதியிலும் இருந்தால் இருவருக்குமே அந்த ஊர் பிடிக்கும்.

பாட்டி "நான் இங்கேயே உக்காந்துக்கறேன், நீங்க போய்ட்டு வாங்க" என்கிறார். விட்டுவிட்டுப் போகலாமா?

அவர் அதை எங்கே சொல்கிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு படிக்கட்டின் அடியில், ஒரு மணி நேரம் நடந்த பிறகு சொல்வார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வெயில் படும் ஒரு கல் திட்டில் அமர்ந்து, சிரித்த முகமாக. காலையிலிருந்து தண்ணீரை ஒரு வாய்க்கு மேல் குடித்திருக்க மாட்டார், கழிப்பறை தேட வேண்டியிருக்குமே என்று. அந்தச் சிரிப்பை நம்பி எல்லோரும் மேலே ஏறிப் போய்விடுவது சரியில்லை.

முந்தைய நாள் இரவே, நாளைக்கு எந்த இடம்வரை வருவீர்கள் என்று அவரிடம் கேட்டு வையுங்கள். அவர் நிற்கப்போகும் இடத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள்: முதுகு சாய்க்கும் நாற்காலி, நிழல், கழிப்பறை உள்ள ஒரு காபிக்கடை. கூட ஒருவர் இருப்பது நல்லது. உண்மையிலேயே தனியாக இருக்க விரும்பினால், இயங்கும் போன், தண்ணீர், திரும்பி வரும் நேரம், கப்பலின் பெயரும் துறைமுக முகவரின் (அந்த ஊரில் கப்பல் நிறுவனத்தின் சார்பாக வேலைகளைக் கவனிப்பவர்) எண்ணும் எழுதிய தாள் எல்லாம் அவர் கையில் இருக்க வேண்டும். மறதி நோய் தொடங்கியவர்களை எந்த ஊரிலும், ஐந்து நிமிடம்கூட, தனியே விடக் கூடாது.

எல்லோரும் சேர்ந்தே இருக்கத்தானே கிளம்பினோம்? தனித்தனியாகப் போனால் என்ன அர்த்தம்?

இதுதான் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி. நாள் முழுக்கப் பத்துப் பேரும் ஒன்றாகவே நடந்தால், யாருடைய வேகமும் யாருக்கும் ஒத்துவராது. சின்னவர்களுக்குச் சலிப்பு, பெரியவர்களுக்கு மூச்சிரைப்பு, நடுவில் இருப்பவர்களுக்கு ஆள் எண்ணுவதே வேலை. ஒவ்வொரு துறைமுகத்திலும் எல்லோரும் சேர்ந்து செய்யும் காரியம் ஒன்று போதும். அது இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் முடிய வேண்டும், உட்கார்ந்தபடி அனுபவிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். அதன் பிறகு பெரியவர்களும் குழந்தைகளும் கப்பலுக்குத் திரும்பி, சாப்பிட்டு, தூங்கட்டும். மற்றவர்கள் ஊரில் தங்கட்டும். இரவுச் சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் பேச வேறு வேறு கதை இருக்கும்.

இதற்கென்றே அமைந்த ஊர்கள் உண்டு. அலாஸ்காவின் ஸ்காக்வேயில் 1898-ல் கட்டத் தொடங்கி 1900-ல் முடித்த ஒயிட் பாஸ் மலை ரயில் இன்றும் ஓடுகிறது. மூன்று மணி நேரத்துக்குள் மலை உச்சிவரை போய்த் திரும்பலாம். முன்பே சொல்லிவைத்தால் வீல்சேர் ஏற்றும் வசதியுள்ள பெட்டியும் கிடைக்கும். ஜூனோவில் கப்பல் துறைக்குப் பக்கத்திலிருந்தே ராபர்ட்ஸ் மலைக்கு இழுவைக்கூண்டு ஏறுகிறது. பினாங்கில் சுவெட்டன்ஹாம் துறையில் இறங்கினால், 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஜார்ஜ் டவுன் பக்கத்திலேயே இருக்கிறது. அரை நாள் சுற்றிவிட்டு மதியம் கப்பலுக்கு வந்துவிடலாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பெரியவர்களோடு கப்பலுக்குத் திரும்பும் ஆள் ஒவ்வொரு ஊரிலும் ஒரே மருமகளாகவோ ஒரே மகளாகவோ இருக்கக் கூடாது. யாருக்கு எந்த ஊர் என்று கிளம்பும் முன்பே பிரித்து எழுதிவிடுங்கள்.

வீல்சேர் கப்பலிலேயே கொடுப்பார்கள்தானே?

கப்பலில் இருக்கும் வீல்சேர்கள் அவசரத்துக்கும், ஏறி இறங்கும் நேரத்து உதவிக்கும் மட்டும். கரைக்கு எடுத்துப்போகப் பெரும்பாலும் தர மாட்டார்கள். மடக்கக்கூடிய, எடை குறைந்த வீல்சேர் ஒன்றைச் சொந்தமாகவோ வாடகைக்கோ கொண்டுபோங்கள். வீட்டில் நன்றாக நடக்கிறவருக்கும் துறைமுகத்து நீண்ட மேடைகளில் அது உதவும். டெண்டர் துறைமுகங்களில் என்ன நடக்கும் என்று மேலே சொல்லியிருக்கிறேன். முன்பதிவின்போதே கப்பல் நிறுவனத்துக்குத் தெரிவித்துவிடுங்கள்.

கைக்குழந்தையோடு இறங்குவது வீண் வேலையா?

இல்லை, காலை நேரமாக இருந்தால். குழந்தையின் தூக்கத்தைச் சுற்றி நாளை அமைத்து, மதியத் தூக்கத்துக்குக் கப்பலுக்குத் திரும்பிவிடுங்கள். பழைய நகரங்களின் கல்பாவிய தெருக்களில் சின்னச் சக்கர ஸ்ட்ரோலர் நகராது. உடம்போடு கட்டிக்கொள்ளும் தூளிப்பை அங்கே நல்லது. கார் இருக்கையை உங்கள் கையோடு கொண்டுபோவதுதான் நிச்சயம்.

பதினைந்து வயதுப் பையன் எங்களோடு வரவே மாட்டேன் என்கிறான். தனியாக விட்டால்?

பெரும்பாலான கப்பல்களில் 18 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையின்றிக் கரைக்கு இறங்க முடியாது. ஏறவும் இறங்கவும் காட்டும் கப்பல் அட்டையைத் தேய்க்கும்போதே தடுத்துவிடுவார்கள். கப்பலில் இருக்கட்டும் என்றால் இருக்கலாம். ஆனால் சிறு குழந்தைகளைக் கப்பலின் குழந்தைகள் கூடத்தில் விட்டுவிட்டுப் பெற்றோர் இறங்குவதற்கு, ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வயதையொட்டி ஒரு விதி உண்டு. முதல் நாளே கேட்டு வையுங்கள்.

இந்த வயதுப் பிள்ளைகளை இழுத்துப்போவதைவிட ஒரு துறைமுகத்தின் பொறுப்பை முழுவதுமாக அவர்களிடமே கொடுத்துவிடலாம். வரைபடம், நேரம், எங்கே உட்காருவது எல்லாம் அவன் கையில். பாட்டிக்கு எத்தனை படி என்று அவனே தேடிக் கண்டுபிடிக்கும்போது முகம் மாறிவிடும்.

பேரப்பிள்ளைகளை நாங்கள், தாத்தா பாட்டி மட்டும் கூட்டிப்போகிறோம். கடிதம் ஏதாவது வேணுமா?

வேண்டும். பெற்றோர் இருவரும் கையெழுத்திட்டு நோட்டரி சான்று பெற்ற அனுமதிக் கடிதம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பயணத் தேதிகள், நாடுகள், அவசர மருத்துவத்துக்கு நீங்கள் சம்மதம் தரலாம் என்ற வரி எல்லாம் இருக்கட்டும். பிறப்புச் சான்றின் நகலும் தேவை. நீர் விளையாட்டு, கயிற்றுச் சறுக்கு போன்றவற்றில் பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோ கையெழுத்திட வேண்டும் என்பார்கள். அங்கே உங்கள் கையெழுத்து செல்லுமா என்று முன்பதிவுக்கு முன் கேட்டுவிடுங்கள்.

சில மணி நேரம்தானே இறங்குகிறோம், அதற்கும் விசாவா?

உங்கள் பாஸ்போர்ட்டையும் இறங்கும் நாட்டையும் பொறுத்தது. குடும்பத்தில் வெவ்வேறு நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இருந்தால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பாருங்கள். மகனுக்கு வேண்டாத விசா அப்பாவுக்கு வேண்டியிருக்கும். இறங்காவிட்டாலும் விசா வேண்டும் என்று கேட்கும் பயணங்களும் உண்டு, அது இல்லாமல் முதல் நாளே கப்பலில் ஏற்ற மாட்டார்கள்.

ஐரோப்பாவில் அதிகம் பேர் சிக்கிக்கொள்வது இங்கே: கிரீஸ் ஷெங்கன் பகுதி (ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு), துருக்கி அப்படி இல்லை. கிரீஸில் ஏறி, துருக்கியின் குசாதாசியில் இறங்கி, மறுபடி கிரீஸ் தீவுக்கு வந்தால் அது இரண்டாவது நுழைவு. குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கனில் இருக்கிறது. பக்கத்திலிருக்கும் கோட்டோர் துறைமுகத்தின் மான்டெனீக்ரோ இல்லை. பலமுறை நுழையும் விசாவாக வாங்குவதே நிம்மதி.

கையில் என்னென்ன எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும்?

கப்பல் அட்டை ஒவ்வொருவரிடமும். பாஸ்போர்ட் அசல் தேவையா, நகல் போதுமா என்பது துறைமுகத்துக்குத் துறைமுகம் மாறும். அன்றைய அறிவிப்பைப் பாருங்கள். மருந்து மட்டும் அன்றைக்கு வேண்டியதற்கு மேல் இரண்டு நாள் அதிகமாக இருக்கட்டும், மருத்துவர் சீட்டோடு. கப்பலுக்குத் திரும்ப முடியாமல் போனால் இன்சுலினும் ரத்தக்கொதிப்பு மாத்திரையும் அறைக்குள் மாட்டிக்கொள்ளக் கூடாது. வத்திக்கானின் புனித பேதுரு பேராலயம் போன்ற இடங்களுக்குத் தோளும் முட்டியும் மூடும் உடை வேண்டும். பேத்திக்கு ஒரு மேல்துண்டு பையில் இருக்கட்டும்.

சாப்பாடு விஷயத்தில் எச்சரிக்கை. கப்பல் உணவுக்கூடத்துப் பழம், இறைச்சி, ரொட்டி எதையும் கரைக்குக் கொண்டுபோகப் பல நாடுகள் அனுமதிப்பதில்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பையில் மறந்துபோன ஓர் ஆப்பிளுக்கும் அந்த இடத்திலேயே அபராதம் விழலாம். குழந்தைக்கு எடுத்துப்போகும் உணவு பற்றிக் கேட்டு, அறிவித்துவிட்டு எடுத்துப்போங்கள்.

கழிப்பறைக்கு என்ன செய்வது? கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

கூச்சப்பட வேண்டிய கேள்வியே இல்லை. பெரியவர்கள் தண்ணீர் குடிக்காமல் இருந்து மயங்கி விழுவதற்கு இதுதான் காரணம். கப்பலைவிட்டு இறங்கும் முன் எல்லோரும் போய்விடுங்கள், பிறகு ஒன்றரை மணிக்கொரு நிறுத்தம் என்று திட்டத்திலேயே எழுதுங்கள். ஐரோப்பாவில் பல பொதுக் கழிப்பறைகளுக்குக் காசு போட வேண்டும். உள்ளூர்ச் சில்லறை கொஞ்சம் கையில் இருக்கட்டும்.

பிரிந்து போனால் போனில் பேசிக்கொள்ளலாமா?

கரையில் உள்ளூர் சிம் அல்லது இ-சிம் குழுவுக்கு ஒன்றாவது வாங்குங்கள். கப்பல் ஏறியதும் விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள். நடுக்கடலில் போன் கப்பலின் செயற்கைக்கோள் வலையைப் பிடித்துக்கொண்டால் கட்டணம் மிக அதிகம். போன் வேலை செய்யாவிட்டால் எத்தனை மணிக்கு எங்கே சந்திப்பது என்பதை வாயாலும் பேசி வையுங்கள்.

காலையில் எழுந்தால் இந்தத் துறைமுகம் ரத்து என்கிறார்கள். கட்டிய பணம்?

காற்றும் அலையும் அதிகமானால் கேப்டன் துறைமுகத்தை விட்டுவிடலாம். பயண ஒப்பந்தத்திலேயே அந்த உரிமை உண்டு. டெண்டர் துறைமுகங்களில் இது அதிகம் நடக்கும். கப்பல் சுற்றுலாவுக்குக் கட்டிய பணம் திரும்பும். நீங்களே பேசிய வண்டிக்கு நீங்களே பொறுப்பு. அதனால்தான் கப்பல் வராவிட்டால் என்ன என்று மேலே கேட்கச் சொன்னேன்.

வழியில் மாட்டிக்கொண்டோம், பாதிப் பேர் கப்பலில், பாதிப் பேர் கரையில். கப்பல் நிற்குமா?

சொந்தமாகப் போனவர்களுக்காக நிற்காது. தாமதம் தெரிந்த உடனேயே துறைமுக முகவரைக் கூப்பிடுங்கள். எண் அன்றைய நிகழ்ச்சித் தாளில் இருக்கும். யார் இன்னும் ஏறவில்லை என்பது அட்டைப் பதிவில் கப்பலுக்குத் தெரியும். பல கப்பல்களில் அறையின் பெட்டகத்தில் உள்ள பாஸ்போர்ட்டை எடுத்து முகவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புவார்கள். அடுத்த துறைமுகத்துக்குப் போகும் செலவு உங்களுடையது.

கப்பலில் இருப்பவர்கள் பதறி இறங்கக் கூடாது. கரையில் மாட்டிக்கொண்டவர்களில் ஒரு திடமான பெரியவர் இருந்தால் போதும். இதை மனதில் வைத்தே குழுக்களைப் பிரியுங்கள்: ஒவ்வொன்றிலும் பயணம் தெரிந்த ஒருவர், பணம் செலுத்தும் அட்டை ஒன்று, அந்தக் குழுவுக்கான மருந்து.

கரையில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால்?

லேசானது என்றால் கப்பலுக்குத் திரும்பி மருத்துவ அறைக்குப் போங்கள். மார்வலி, பக்கவாதம், எலும்பு முறிவு என்றால் கரையிலுள்ள மருத்துவமனைதான். கப்பலில் பெரிய சிகிச்சை செய்ய முடியாது. முகவரிடம் சொல்லிவிட்டால் அறையிலுள்ள பெட்டியையும் பாஸ்போர்ட்டையும் இறக்க ஏற்பாடு செய்வார். பயணக் காப்பீட்டில் பழைய நோய்கள் அடங்குமா, நோயாளியை வேறு நாட்டுக்கு அழைத்துவரும் செலவு உண்டா, கூட ஒருவர் தங்குவதற்குத் தருவார்களா என்ற மூன்றையும் வாங்கும் முன் படித்துப் பாருங்கள்.

அப்பாவுக்கு அலுத்துவிட்டது. நடுவில் ஒரு ஊரில் இறங்கி வீட்டுக்குப் போய்விடலாமா?

உடல்நலக் காரணம் இல்லையென்றால் முன்கூட்டியே கப்பல் நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அந்த நாட்டில் நுழைய விசாவும் வேண்டும். சில மணி நேரம் இறங்கக் கிடைக்கும் துறைமுக அனுமதி விமானம் ஏறுவதற்குச் செல்லாமல் போகலாம். அமெரிக்காவில் 1886-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டில் பதிவான கப்பல், ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணியை, தொலைதூர வெளிநாட்டுத் துறைமுகம் எதையும் தொடாமல் இன்னோர் அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கிவிட அது தடை செய்கிறது. சியாட்டிலில் ஏறி ஜூனோவில் இறங்கிக்கொள்கிறேன் என்றால் கப்பல் நிறுவனத்துக்கு அபராதம் வரும், அதை உங்கள் கணக்கில் ஏற்றுவார்கள்.

பெரும்பாலும் அலுப்புக்குக் காரணம் கப்பல் அல்ல, தொடர்ந்து வந்த கரை நாட்கள்தான். அவருக்கு அடுத்த இரண்டு துறைமுகங்களை விட்டுக்கொடுங்கள். கட்டிய கப்பல் சுற்றுலாவைக் குறிப்பிட்ட நேரத்துக்கு முன் ரத்து செய்தால் பணம் திரும்ப வரும். அந்தக் கெடு ஒன்றிரண்டு நாளுக்கு முன்பே முடிந்துவிடும் என்பதால், இன்றைக்கு இரவே சுற்றுலா மேசைக்குப் போய்ச் சொல்லிவிடுங்கள்.